மஞ்சள் முடிச்சும் கறுப்புப் புகையும்

நவம்பர் 4, செவ்வாய்

இவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி வருடா வருடம் கொடுக்கும் டைரியில் இதுவரை பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும்தான் எழுதியிருக்கிறேன். இன்று வேறொன்று எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லும்படியான ஆள் இந்தக் கோத்தகிரியில் எனக்கு யாருமில்லை.

முதலில் கார். கறுப்பாகப் புகைகிறது. காலையில் வாசலில் நின்று இரைந்ததில் பின்னாலிருந்த செம்பருத்தி இலையெல்லாம் கரி. பக்கத்தில் போனால் பெட்ரோல் வாடை குமட்டுகிறது. பெட்ரோல் போட்டது போட்ட இடத்தில் நிற்பதில்லை என்று இவர் புலம்புகிறார். இருபத்தேழு வருடக் கார். வெள்ளைச்சி என்று பெயர், வெள்ளையாக இருந்த காலத்தில் வைத்தது.

அடுத்தது இவர். கட்டபெட்டு வரைக்கும் பாலிசி விஷயமாகப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தவர், காரை விட்டு இறங்கவே இல்லை. போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "வந்துட்டமா?" என்று கேட்டார். சொந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு வந்துட்டமா என்கிறார். தலை வலிக்கிறது என்றார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தோட்டத்தில் சும்மா நடந்தார், சரியாகிவிட்டார்.

சரியாகிவிட்டார் என்று எழுதிய பிறகும் பேனாவை மூடி வைக்க முடியவில்லை. மாமனாருக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஆரம்பித்தது. ஒருநாள் பனியனோடு மேட்டுப்பாளையம் ரோட்டில் நடந்துபோனார். தேடிப்போன இவரையே பார்த்து "தம்பி, நீ யாரு பையன்?" என்று கேட்டார். அப்படியே ஏழு வருடம் இருந்து செத்தார். இவருக்கு இப்போது ஐம்பத்தேழு. இதற்கு மேல் இதைப்பற்றி எழுத மாட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

ரேஷனில் சர்க்கரை இல்லை. மண்ணெண்ணெயும் இல்லை. கடைக்காரன் மட்டும் இருக்கிறான்.

யாகூப்பின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வண்டியின் பிளக்கைக் கழற்றிக் காட்டினான். கரிக்கட்டை. "இதுல கண்ணுக்கு மை எழுதலாங்க்கா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"காத்தும் பெட்ரோலும் ஒரு பதத்துல கலக்கோணும். இதுல பெட்ரோல் தூக்கலாப் போகுது. டீத்தூள அள்ளிக் கொட்டுன டீயாட்ட" என்றான். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. சோக்க இழுத்து உட்டுட்டு மறந்து ஓட்டறாப்பல இருக்குது" என்றான்.

மறந்து என்ற சொல் இவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். "எனக்கா மறக்குது? வந்து பாரு" என்று கத்தினார். யாகூப் காருக்குள் குனிந்து பார்த்தான். எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். புகையே இல்லை! வண்டி பூனைக்குட்டி மாதிரி நின்றது. ஒண்ணும் தெரியாத பாப்பா போட்டாளாம் தாழ்ப்பாள். காற்று வடிகட்டியை உதறிப் போட்டு, பிளக்கைத் துடைத்துக் கொடுத்தான். "சைலன்சர் பைப்பு உளுத்திருக்குது, கியருக்குக் கீழ ரப்பரும் கிழிஞ்சிருக்குது. அத அப்பறம் பாத்துக்கலாம்" என்றான்.

நான் வெளியே பெஞ்சில் ஆத்தா முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வர முடியாது. கண்ட கையும் படும்.

முடிச்சைப் பற்றி எழுதவில்லையே. போன மாதம் மழையில் கார் வழுக்கிப் பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றது. அன்றைக்கே மஞ்சள் துணியில் ஒரு கைப்பிடிக் காசு முடிந்து, வேம்படியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டேன். வேண்டுதல் பலிக்கும் வரை முடிச்சு அந்த ஆளை விட்டுப் பிரியக் கூடாது, தரையில் படக் கூடாது. இவர் பகலெல்லாம் இருப்பது காரில். மேலே கண்ணாடியில் தொங்கவிட்டால் பார்வையை மறைக்கிறது என்று பிடுங்கிப் போடுவார். அதனால் கீழே கட்டிவிட்டேன். காலையில் வண்டியைக் கிளப்பும்போது இழுத்துவிட்டு, சூடானதும் தள்ளிவிடுவாரே, அந்தக் கறுப்புக் குமிழில். பழைய குமிழ் உடைந்துபோய், யாகூப் ஏதோ லாரியிலிருந்து ஒன்றைக் கழற்றி, கீழே முழங்காலைப் பார்த்துத் தொங்குகிறாற்போல் மாட்டிவைத்தது. காலையில் ஒரு தடவையோடு அதற்கு வேலை முடிந்தது. மற்ற நேரமெல்லாம் சும்மாதானே இருக்கிறது.

"உன்ற சாமிக்கு அங்கதான் எடம் கெடச்சுதா?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் கண்டுகொள்ளவில்லை.

வீடு வந்ததும் முடிச்சைத் திரும்பக் கட்டினேன். செவ்வாய்க்கிழமைத் தலைவலிக்காக இன்னொரு காசு சேர்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காரை எடுக்கவில்லை. இவர் நன்றாக இருந்தார். பேப்பரில் குறுக்கெழுத்து முழுவதையும் போட்டுவிட்டு, என்னை வேறு மட்டம் தட்டினார்.

நவம்பர் 12, புதன்

மறுபடி புகை. மறுபடி தலைவலி.

ஒரு வீட்டில் பாலிசிக்காரரைச் செத்துப்போன அவருடைய அப்பா பெயரால் கூப்பிட்டிருக்கிறார். அவர்களே போன் செய்து, "சாருக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்தார்கள். ஜலதோஷம் என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

இனித் தனியாக விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். "கடைகண்ணிக்கு நானும் வாறனுங்க" என்றேன். "எஸ்டேட்டுல என்ன கடை வெச்சிருக்குது?" என்று கேட்டார். காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

முடிச்சில் ஒரு காசு.

நவம்பர் 14, வெள்ளி

கூடப் போனேன். குளிர் எலும்பைத் தின்கிறது. கண்ணாடி நான்கையும் ஏற்றச் சொல்லி, மூடாத இடுக்கில் பழைய சேலைத் துணியைத் திணித்தேன். இவருக்குச் சளி பிடித்தால் அதையும் யார் பார்ப்பது? காலுக்குக் கீழே கிழிந்த ரப்பர் வழியாகச் சூடாக ஏதோ வருவது இதமாகத்தான் இருந்தது.

ஒன்று கவனித்தேன். ரோடு வளைகிற இடத்திலெல்லாம் இவர் உதடு அசைகிறது. சத்தமில்லை. வளைவு முடிந்ததும் நின்றுவிடுகிறது. மாமனாரும் கடைசியில் இப்படித்தான் தனக்குத்தானே முணுமுணுப்பார். கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். பதில் என்னவாக இருக்குமோ என்று மூடிக்கொண்டேன்.

எனக்கும் பொட்டில் விண்விண் என்று தெறிக்கிறது. கவலை தலைக்கேறிவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

யாகூப்பிடம் இரண்டாம் தடவை. முடிச்சோடு அதே பெஞ்சு.

கார்புரேட்டரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்திருந்தான். "காத்து கம்மியான எடமுங்க இது. கீழ நாட்டுல செட் பண்ணுன வண்டி மலைக்கு வந்தா இப்பிடித்தான் பெட்ரோல் தூக்கும்" என்றான்.

"இந்த வண்டி எப்பக் கீழ போச்சு? நீதானடா செட் பண்ணுன" என்றார் இவர்.

"அப்ப உள்ளார மிதவைக்கு மேல இருக்கற ஊசி தேஞ்சிருக்கும். பெட்ரோல நிறுத்தாம உடுது." ஊசிக்குக் கோயம்புத்தூரில் சொல்லியிருக்கிறானாம். இருந்ததையே தேய்த்துப் போட்டுத் தந்தான். ஒர்க்‌ஷாப்பில் சுற்றி ஓட்டிப் பார்த்தான். ஒரு குறையுமில்லை. "உங்க ஊட்டுக்கிட்டப் போனாத்தான் இதுக்குப் பேய் புடிக்குது போலிருக்குதுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். கொழுப்பு.

டாக்டரிடம் நடந்தே போய்ப் பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று கேட்டால் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு இன்னும் பயம்தான் வந்தது. சுகர் என்றால் மாத்திரை இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

வல்லாரை லேகியம் வாங்கிவந்து வைத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் காலையும் மாலையும் சாப்பிடுகிறார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது வீட்டுச் சந்தைத் தாண்டிப் போய்விட்டார். "ஏனுங்க, நம்ம சந்து" என்றேன். "தெரியும்" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். இறங்கியதும் வேலியோரம் வாந்தி எடுத்தார்.

முடிச்சு எலுமிச்சம்பழம் அளவு ஆகிவிட்டது. துணி போதாமல் பெரிய துணியாக மாற்றினேன்.

நவம்பர் 27, வியாழன்

நாள் முழுக்க இவரோடு ஊர் சுற்றல். பால் திரிந்துவிட்டது. சுகந்தி போன் செய்தாள். ஏழாம் மாதமே தாய்வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டிய பிள்ளை. மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கிறாள். "அப்பா ஏம்மா போன்ல பேசமாட்டேங்கறாரு?" என்று கேட்டாள். தூங்குகிறார் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

பால் திரிந்துவிட்டது. நாள் முழுக்க ஊர் சுற்றினோம், தலை பாறாங்கல்லாக இருக்கிறது. சுகந்தி போன் செய்தாள். அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன்.

டிசம்பர் 1, திங்கள்

இவர் என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"அம்மிணி, ஏஜென்சிய உட்டறலாம்னு இருக்கறன். புள்ளைக்கு நல்லபடியா ஆனதும் மாப்பிள்ளைகிட்டச் சொல்லிக் காரையும் வித்தறலாம். ஜனவரில கோயம்புத்தூர்ல நரம்பு டாக்டர்கிட்ட எழுதி வெச்சிருக்குது."

"எதுக்குங்க நரம்பு டாக்டரு?"

"சும்மா."

"சும்மா யாராச்சும் நரம்பு டாக்டர்கிட்டப் போவாங்களா?"

இவர் ஜன்னலைப் பார்த்தார். நான் அரிசி புடைக்க ஆரம்பித்தேன். நேற்றே புடைத்த அரிசி. ஐம்பத்தேழு வயதில் ஒரு ஆள் தன் வேலையையும் வண்டியையும் கையிலிருந்து இறக்கிவைக்கிறார், அதற்கு நான் ஒரு சொல்கூட எதிர் சொல்லவில்லை. ஆத்தா, இவருக்கு அவங்கப்பாவின் விதி வேண்டாம். இவர் என்னை யார் என்று கேட்கிற நாள் வர வேண்டாம். வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

முடிச்சில் என் பீரோவிலிருந்த பழைய செப்புக் காசுகள் அத்தனையும்.

டிசம்பர் 8, திங்கள்

பெண் குழந்தை! ஆபரேஷன். இருவரும் சுகம். விடிகாலையில் மாப்பிள்ளை போன் செய்தார்.

கிளம்பும்போது முடிச்சு ஞாபகம் வந்தது. பெற்றவள் இருக்கிற இடத்துக்குப் போகிறோம், தீட்டு. சாமி முடிச்சு ஆகாது. அவிழ்த்து எதிர்வீட்டுச் சரோஜாவின் பூசை அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன். அது இல்லாமல் மலையிறங்க எனக்குப் பயம். கோயம்புத்தூர் வரைக்கும் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டே போனேன். ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

சுகந்தியையும் குழந்தையையும் கூட்டி வந்தோம். மழை. கண்ணாடியெல்லாம் ஏற்றி, இடுக்கெல்லாம் துணி அடைத்து, முட்டையைக் கொண்டு வருவது போல மெதுவாக வந்தோம். இவர் எப்படி ஓட்டினார் தெரியுமா! கல்யாணமான புதிதில் ஓட்டியது போல. தலைவலி இல்லை, வாந்தி இல்லை. கார்கூடப் புகைக்கவில்லை. வளைவில் உதடு மட்டும் அசைந்தது. இருக்கட்டும்.

மகாராசி வந்த நேரம்.

டிசம்பர் 24, புதன்

இரண்டு வாரமாக டைரி பக்கம் வரவில்லை. பிள்ளைத்துணி துவைக்கவே பகல் போதவில்லை. இந்தப் பனியில் ஒரு துணி காய்வதற்குள் அடுத்த நாலு நனைகிறது.

இவர் தேறிவிட்டார். எனக்குத் திரும்பத் திரும்ப எழுதத் தோன்றுகிறது. தேறிவிட்டார். தினமும் காரில் போகிறார், தினமும் சிரித்துக்கொண்டு வருகிறார். ஆளாளுக்குக் கிரீடம் சூட்டிக்கொள்கிறார்கள். தான் போட்ட புது ஊசியால்தான் கார் சரியானது என்கிறான் யாகூப். வல்லாரை என்கிறார் இவர். மலைக்காற்று என்கிறார் மாப்பிள்ளை. பேத்தி கால் வைத்த நேரமும் ஆத்தா கண் திறந்ததும்தான் என்று எனக்குத் தெரியும். காரை விற்கிற பேச்சும் நரம்பு டாக்டர் பேச்சும் நின்றுவிட்டன.

ஜனவரி 7, புதன்

முப்பது நாள் தீட்டுக் கழிந்தது. வீடு கழுவிப் புண்ணியதீர்த்தம் தெளித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு மலையடிவாரத்தில் இருக்கும் ஆத்தா கோயிலுக்குப் போய் முடிச்சைச் செலுத்த வேண்டும். வேண்டுதல் பலித்த பிறகு பாக்கி வைக்கக் கூடாது.

ஜனவரி 10, சனி

சரோஜா வீட்டிலிருந்து முடிச்சை வாங்கி வந்தேன். என் வெள்ளிக் கொலுசையும் உள்ளே போட்டு முடிந்தேன். மாதுளம்பழம் அளவு இருக்கிறது, கனமோ கனம். எங்கே இருந்து காத்ததோ அங்கிருந்தே ஆத்தாளிடம் போகட்டும் என்று அதே குமிழில் இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒரு நாளைக்குத்தானே.

மாவிளக்குக்கு மாவு இடித்தாயிற்று. குழந்தைக்குப் புதுத் தொப்பி. நாளை மழை வராமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் வந்தோம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிட்டேன்.

நேற்றுக் காலை மழையும் பனியுமாக இருந்தது. இவர் ஓட்ட, நான் பக்கத்தில், பின்னால் சுகந்தியும் குழந்தையும். கண்ணாடியெல்லாம் ஏற்றி இடுக்கில் துணி வைத்தது நான்தான். பாதி மலையில் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து, முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. நாங்களும் நின்றோம். "ஆப் பண்ணுனா இந்தக் குளிருல மறுக்கா கெளம்பாது" என்று இவர் இன்ஜினை ஓடவிட்டார். வண்டி குமுறிக் குமுறி அதிர்ந்தது. பின்கண்ணாடி வழியாக ஒரே கறுப்பு.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. எனக்குத் தலைவலி வந்தது. திரும்பவும் வந்துவிட்டதா என்று இவரைப் பார்த்தேன். ரோடு வளையாமல் நிற்கிற வண்டியில் இவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. விடாமல் அசைந்தது.

"அம்மா, எனக்குக் கொமட்டுது" என்றாள் சுகந்தி. கொஞ்சம் கழித்து, "அம்மா, பாப்பா பால் குடிக்க மாட்டேங்குது, எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்குது" என்றாள். அவளே தூக்கத்தில் பேசுவது போலத்தான் சொன்னாள். நான் திரும்ப நினைத்தேன், கழுத்து திரும்பவில்லை. இவருடைய நெற்றி ஸ்டியரிங்கில் இருந்தது.

"ஏனுங்க" என்றேன். "ஏனுங்க, ஏனுங்க." அசைவில்லை.

கதவு எப்படித் திறந்தது என்று தெரியாது. ரோட்டில் விழுந்தேன். மழை முகத்தில் அடித்தது. எழுந்து பின்கதவை இழுத்துக் குழந்தையைப் பிடுங்கினேன். துணி மாதிரித் துவண்டு கிடந்தது. ஒரு கையில் அதை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஓடி இவர் கதவைத் திறந்து, முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட என் வாயால் சொல்லாத இவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஏனுங்க என்றால் யாரோ யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வாரோ என்று பயம். பெயரைச் சொல்லி, சொல்லி, தொண்டை கிழியக் கத்தினேன். இவர் தலையைத் தூக்கினார்.

பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சுகந்தியைத் தூக்கி மழையில் உட்கார வைத்தார்கள். பஸ் டிரைவர் உள்ளே கையை விட்டு இன்ஜினை நிறுத்தினார். "என்னங்க, சோக்க இந்த நீளத்துக்கு இழுத்து உட்டுட்டு, கண்ணாடியையும் சாத்திட்டு உக்காந்திருக்கீங்க! உள்ள பூராப் பொகைங்க!" என்று சத்தம் போட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். குமிழ் என் விரல் நீளத்துக்கு வெளியே வந்து தொங்கியது. அதன் நுனியில் என் முடிச்சு.

இவரும் பார்த்தார். முடிச்சை மெதுவாக அவிழ்த்தார். கனம் போனதும் குமிழ் தானாக டக்கென்று உள்ளே போனது. அந்தச் சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெஞ்சும், என் மடியும், யாகூப்பிடம் போனால் மட்டும் சாதுவாகிவிடுகிற காரும்.

அப்போதுதான் குழந்தை அழுதது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

பஸ்ஸிலேயே கோத்தகிரிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் மூக்கில் ஆக்சிஜன். பெட்ரோல் அளவுக்கு மீறிப் போனால் சரியாக எரியாதாம், அந்தப் புகையில் கண்ணுக்கும் தெரியாத மூக்குக்கும் தெரியாத ஒரு விஷம் அதிகமாகுமாம். தலை வலிக்கும், வாந்தி வரும், நினைவு தடுமாறும் என்று டாக்டரம்மா சொன்னார். "முன்னாடி இப்படி இருந்திருக்கா?" என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் "இருந்துச்சுங்க" என்றோம்.

ஜனவரி 13, செவ்வாய்

யாகூப் வந்து சாவியை வாங்கிப்போய், மலையில் விட்டுவந்த காரை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனான். காருக்கு அடியில் பைப்பில் ஓட்டையாம். புகை அந்தக் கிழிந்த ரப்பர் வழியாக நேராக உள்ளே வந்திருக்கிறது. நான் இதம் என்று நினைத்துக் காலை நீட்டியது அதில்தான். பைப்பையும் ரப்பரையும் மாற்றி, குமிழையும் மேலே நேராகப் பொருத்தித் தருகிறானாம். "அப்பறம் பாத்துக்கலாம்னு நாந்தான் உட்டுட்டனுங்க்கா" என்று கண் கலங்கினான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்குகூட இல்லை. தலைவலி வந்தால் ஒரு காசு. காசு சேரச் சேரக் கனம். கனம் கூடக் கூடப் புகை. புகை கூடக் கூடத் தலைவலி. அதற்கு இன்னொரு காசு. என் கையால், கும்பிட்டுக் கும்பிட்டு, இவரைக் கொஞ்சம் கொஞ்சமாக... முடிக்க முடியவில்லை.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். நவம்பர் 27 இரண்டு தடவை இருக்கிறது. இரண்டாவதை எழுதியதாகவே எனக்கு நினைவில்லை. எழுத்து என்னுடையதுதான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. இவர் முடிச்சைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "எந்தக் காசு எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவங்கப்பாவைப் போல ஆகிவிடுவாரோ என்று பயந்ததையும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். இலையில் இன்னும் கொஞ்சம் பொங்கல் போடச் சொன்னார்.

ஜனவரி 18, ஞாயிறு

சுகந்தியையும் குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் கோயிலுக்குப் போனோம். கார்தான். கண்ணாடி நான்கும் திறந்தே இருந்தன. குளிரில் பல் தந்தியடித்தது. முடிச்சு என் மடியில். புகை இல்லை.

முதல் வளைவில் இவர் உதட்டைப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்ததிலும் இல்லை. இனி எதைக் கேட்கவும் பயமில்லை என்று தோன்றியது.

"வளைவுக்கு வளைவு வாய்க்குள்ள என்னமோ சொல்லுவீங்களே, இப்பச் சொல்லறதில்லீங்களா?"

அடுத்த வளைவையும் திருப்பி முடித்தார்.

"பாத்துட்டுத்தான் இருந்தியா?" என்றார். "என்ற பேரு, உன்ற பேரு, சுகந்தி பேரு, ஊட்டு நெம்பரு. எங்கப்பனுக்கு மொதல்ல போனது பேருதான் அம்மிணி. எனக்கும் போயிருச்சான்னு வளைவுக்கு வளைவு சொல்லிப் பாத்துக்குவன். வந்துட்டா அடுத்த வளைவு வரைக்கும் தைரியமா ஓட்டலாமல்ல."

நான் பயத்தைக் காசாக முடிந்துகொண்டிருந்தபோது, பக்கத்திலேயே இவரும் இப்படி முடிந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரே காரில், கண்ணாடியைச் சாத்திக்கொண்டு.

"அன்னிக்கு மரம் உளுந்து நிக்கறப்ப உன்ற பேரு வந்துச்சு, சுகந்தி வந்துச்சு. என்ற பேரு வரல. தேடித் தேடிப் பாக்கறன், வரவே இல்ல. செரி, அவ்வளவுதான்னு தலையச் சாச்சுட்டன். அப்பத்தான் நீ சொன்ன." சிரித்தார். "முப்பது வருஷத்துக்கு ஒருக்காச் சொன்ன, அதையும் பஸ் பூராக் கேக்கறாப்பல சொன்ன."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, முந்தானையால் மூக்கைச் சிந்தினேன்.

கோயிலில் முடிச்சை அவிழ்த்து, காசு, கொலுசு எல்லாவற்றையும் உண்டியலில் போட்டேன். "இனி உன் கனத்தை நீயே வைத்துக்கொள்" என்று ஆத்தாளிடம் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். குழந்தை காரில் ஏறுவதற்கு முன்பே தீட்டு என்று முடிச்சைக் கழற்ற வைத்ததும் அவள்தானோ என்று பிறகு தோன்றியது. எனக்குத் தெரியவில்லை. விழுந்து கும்பிட்டேன்.

பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்குங்க?" என்று கேட்டார். இத்தனை வருடமும் அந்த இடத்தில் இவரே முன்னால் வந்து சொல்லிவிடுவார், நான் தலையைக் குனிந்துகொள்வேன். இன்று இவர் வாயைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாச்சிமுத்து" என்று நான்தான் சொன்னேன்.